குகைக்குள்ளே பெண் பார்த்த விபரம்

புத்தூர் கிழக்கு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மதிப்பும் உள்ள அருளம்பலம் அண்ணைக்கும் அண்ணிக்கும்,

தம்பி சீவரத்தினம் எழுதிக்கொள்வது. கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழியைத் தேடுவீர்கள். பெரியப்பாவின் மகன் ஆழ்வாப்பிள்ளை அண்ணை மோசம் போன துடக்கு, அந்தச் சாவுத் தீட்டு, இன்னும் கழியவில்லை, ஆகையால் போடவில்லை. அந்தத் துடக்கு உங்களுக்கும் உண்டு என்பதை மரியாதையோடு ஞாபகப்படுத்துகிறேன். சென்ற கிழமை அண்ணி பேஸ்புக்கில் போட்ட படத்தில் பின்னால் கோயில் கொடிமரம் மாதிரி ஒன்று தெரிந்தது. கனடாவில் துடக்கை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

இங்கே நாங்கள் மூவரும் சுகம், என் முழங்கால்களும் இடுப்பில் வலப்பக்கமும் நீங்கலாக. வெங்காயம் நட்டாயிற்று. மழை வரவேண்டிய நேரத்தில் வரவில்லை, வரக்கூடாத நேரத்தில் வரும் என்று நினைக்கிறேன். ரெலிபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், நான் கத்த வேண்டும், நான் கத்தினால் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கும் கேட்கும். அதனால் எழுதுகிறேன். சந்தியில் போட்டோக்கொப்பி அடிக்கிற கடைக்காரர் இதைப் படம் பிடித்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பித் தருவார். தபாலில் போட்டால் இது வந்து சேர முன்னம் விசயம் முடிந்துவிடும்.

விசயம் இதுதான். நீங்கள் பார்த்துச் சொன்ன சம்பந்தம், உங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிற மயூரதன், எங்கள் மகள் தயாளினிக்குச் சரிவராது. முடிவை முதலே சொல்லிவிட்டால் காரணங்களை வாசிக்கும்போது உங்களுக்கு மனம் பதறாது என்று முன்னுக்கு எழுதுகிறேன். பெடியன் தாயைப் பார்க்க மீசாலைக்கு வந்து நிற்கிறான், வருகிற கிழமை திரும்புகிறான். அதற்கு முன் அவனுடைய தாய் சிவகௌரிக்கு நோகாமல் சொல்லிவிடுவது உங்கள் பொறுப்பு.

வழமை என்றால் கோயில் வீதியில் வைத்துப் பார்த்திருப்போம். அவர்கள் ஒரு பக்கத்தால் வர, நாங்கள் மற்றப் பக்கத்தால் வர, தற்செயலாகச் சந்தித்த மாதிரி நின்று இரண்டு கதை கதைத்து, பிடிக்காவிட்டால் இரு பகுதிக்கும் மரியாதைக் குறைவில்லாமல் வீட்டுக்குப் போய்ச் சேரலாம். துடக்கில் கோயிலுக்குப் போக முடியாது. வீட்டுக்குக் கூப்பிட்டால் ஊர்ச்சனம் வேலிக்கு மேலால் தலையைப் போட்டுப் பார்க்கும். "துடக்குக்குள்ளை நல்ல காரியம் செய்யலாமோ?" என்று என் மனிசி குணலட்சுமியிடம் கேட்டேன். "பாக்கிறது நல்ல காரியமில்லை. பாத்துச் சரிவந்தாத்தான் நல்ல காரியம்" என்று சொன்னா. அவவோடு வழக்காடி வென்றவர் யாராவது இருந்தால் எனக்கு அறியத் தரவும்.

மயிலிட்டிப் பக்கம், ஆமி பிடித்து வைத்திருந்து சனத்துக்குத் திருப்பி விட்ட காணிகளில் ஒன்றில், பற்றை வெட்டும்போது குகை ஒன்றின் வாய் தெரிந்ததாம். இப்போது அதற்குள் படி வெட்டி, லைற் போட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். தவழ்ந்து பார்க்க விருப்பம் உள்ளவர்களுக்குத் தவழவும் இடம் உண்டு. அங்கே போவோம் என்பது சிவகௌரியின் யோசனை. ஊர்ச்சனம் அந்தப் பக்கம் வராது, உள்ளுக்கு இருட்டு, ஒருத்தருக்கும் தெரியாது என்றா. பெண் பார்ப்பதற்கு இருட்டு உதவுமா என்பதை அந்த நேரம் எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

தற்செயலாகச் சந்திப்பது என்று தீர்மானித்த இரண்டு குடும்பமும் ஒரே வானில் போனோம். எங்களிடம் வாகனம் இல்லை, என்ன செய்வது. பெடியன் வாடகைக்கு எடுத்த வானில் தாயையும் கூட்டிக்கொண்டு வந்து எங்களைப் புத்தூர்ச் சந்தியில் ஏற்றினான். ஏறி இருந்தவுடன் சிவகௌரி, "அட, நீங்களும் குகை பாக்கவோ வெளிக்கிட்டனியள்?" என்று கேட்டா. "ஓம், தற்செயலா வெளிக்கிட்டம்" என்று குணலட்சுமி சொன்னா. வானுக்குள் எங்கள் ஐந்து பேரைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. பெடியன் என்னைப் பெல்ற் போடச் சொன்னான். நான் இந்த வயது வரைக்கும் பெல்ற் போடாமல்தான் எல்லா இடமும் போய் வந்திருக்கிறேன். வந்த முதல் நாளே பெரியவர்களைத் திருத்தப் பார்க்கிற குணம். இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

குகை வாசலில் ஜெனிற்றா என்ற பெண் நின்றா. அவதான் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவ. கழுத்தில் விசில். எல்லாருக்கும் நெற்றியில் லைற் பூட்டிய ஹெல்மெற் ஒவ்வொன்று தந்தா. குணலட்சுமி பட்டுச்சீலை, நான் வேட்டி சால்வை, தயாளினி மட்டும் சப்பாத்தும் சுரிதாரும். தலையில் ஹெல்மெற்றைக் கவிழ்த்த பிறகு யார் பெண், யார் பெண்ணின் தாய் என்று சீலையை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டியிருந்தது. அதோடு, நாங்கள் யாரைப் பார்த்தாலும் எங்கள் லைற் அவர்களுடைய கண்ணில் அடிக்கும். பெண் பார்க்க வந்தவ பெண்ணைப் பார்க்க, பெண் கண்ணைப் பொத்தினாள். பெண் திரும்பிப் பார்க்க, வந்தவ கண்ணைப் பொத்தினா. சிவகௌரி கடைசியில் பொறுக்க முடியாமல், "பிள்ளை, அந்தத் தொப்பியை ஒருக்காக் கழட்டுமன்" என்றா. ஜெனிற்றா விசிலை ஊதினா. "உள்ளுக்கு ஒருத்தரும் கழட்டக்கூடாது!" கல்லுக்குள் விசில் ஊதினால் எப்படி இருக்கும் என்பதை உங்கள் காதுக்கு நான் விளங்கப்படுத்த முடியாது.

கொஞ்சத் தூரம் போன பிறகு ஒரு வளைவில் முகட்டிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி, கீழே சுண்ணாம்புக் கல் இடுப்பளவுக்கு வளர்ந்து நின்றது. பார்க்க வந்த சனம் அதற்கு விபூதி பூசி, செவ்வரத்தம்பூ வைத்திருந்தது. சிவகௌரி "சிவபெருமானே" என்று கும்பிட்டா. குணலட்சுமி அப்படியே நின்றுவிட்டா. நிற்க, பின்னால் வந்த நான் அவவோடு முட்டுப்பட்டேன்.

"நாங்கள் உதிலை போகேலாது. துடக்கு."

"இது கல்லுத்தான் அம்மா" என்றா ஜெனிற்றா.

"எல்லாக் கோயிலிலையும் கல்லுத்தான் பிள்ளை இருக்குது."

"சனம் பூ வைச்சதுக்கு நான் என்ன செய்யிறது? கற்பூரம் மட்டும் கொழுத்த வேண்டாமெண்டு மறிச்சுக்கொண்டு நிக்கிறன்."

அந்தக் கல்லைத் தாண்டித்தான் பெரிய மண்டபத்துக்குப் போகவேண்டும். வேறு வழி இல்லையா என்று கேட்டோம். இருக்கிறது, தவழுகிறவர்களுக்கு என்று விட்ட பாதை, கயிறு கட்டியிருக்கிறது, கயிற்றை விடாமல் வந்தால் நேரே மண்டபத்துக்குள் வந்து விழலாம் என்றா. திரும்பிப் போவோம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குணலட்சுமி பட்டுச்சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த ஓட்டைக்குள் போய்விட்டா. வீட்டில் குனிந்து ஒரு செம்பை எடுக்க இடுப்பு நோகுது என்கிற அதே மனிசிதான் அண்ணை. அவவுக்குப் பின்னால் தயாளினி. தயாளினிக்குப் பின்னால் நான். சிவகௌரிக்குத் துடக்கில்லை, அவ ஜெனிற்றாவோடு கல்லைக் கும்பிட்டுக்கொண்டு நேர் வழியால் போனா. பெடியனுக்கும் துடக்கில்லை, அவனும் அப்படிப் போயிருக்கலாம். போகவில்லை. "நான் அங்கிளுக்குப் பின்னாலை வாறன்" என்று என் காலடிக்குப் பின்னால் தவழ்ந்து வந்தான். கேளாமல் உதவி செய்கிறவர்களை நான் ஒரு நாளும் நம்பினதில்லை.

பாதி வழியில் நான் சிக்குப்பட்டேன். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் முழுக் காரணமும் இங்கேதான் கிடக்கிறது. வயிறு கீழ்க்கல்லிலும் முதுகு மேற்கல்லிலும் பிடித்துக்கொண்டது. வேட்டி பின்னால் ஒரு கல் முனையில் கொழுவிக்கொண்டது. முன்னாலும் போகேலாது, பின்னாலும் போகேலாது. குணலட்சுமி ஏற்கனவே மண்டபத்துக்குள் இறங்கிவிட்டா, அவவின் சத்தம் அங்கேயிருந்து கேட்டது, "என்ன, அதுக்குள்ளை படுத்திட்டியளோ?" எண்டு.

"அங்கிள், மூச்சை வெளியாலை விடுங்கோ" எண்டான் பெடியன்.

"விட்டிட்டன் தம்பி."

"இன்னும் கொஞ்சம் விடுங்கோ."

"இனி விட மூச்சில்லை."

தயாளினி முன்னாலை திரும்பி என்ரை இரண்டு கையையும் பிடிச்சு இழுத்தாள். பெடியன் பின்னாலை நிண்டு காலைத் தள்ளினான். "அப்பிடி இழுக்காதையுங்கோ, அவருக்கு விலா நோகும்" எண்டு எனக்கு மேலாலை சொன்னான். "எங்கை நோகும் எண்டு எனக்குத் தெரியும், நான் ஆஸ்பத்திரியிலைதான் வேலை" எண்டு அவளும் எனக்கு மேலாலை சொன்னாள். எந்த ஆஸ்பத்திரி எண்டான். பருத்தித்துறை, மருந்து குடுக்கிற இடத்திலை எண்டாள். சனம் கூடவோ எண்டான். "காலமை வந்து பாருங்கோ. டொக்டர் சொன்னதுக்கெல்லாம் என்னோடைதான் சண்டை பிடிப்பினம்." "அப்ப என்ன செய்வியள்?" "சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ எண்டு ஆறுதலா விளங்கப்படுத்துவன். சாப்பாட்டைப் பற்றிக் கதைச்சவுடனை கோவம் போயிடும்." பெடியன் சிரிச்சான். அவளும் சிரிச்சாள். அவள் அப்பிடி வாய்விட்டுச் சிரிச்சு நான் கனகாலம் கேக்கேல்லை அண்ணை. நல்ல சிரிப்புத்தான். ஆனால் பெத்த தகப்பன் கல்லுக்குள்ளை கிடக்கேக்கை சிரிக்கலாமோ? பிறகு அவன் தன்ரை வேலையைப் பற்றிச் சொன்னான், நகரத்துக்குத் தண்ணி குடுக்கிற குழாய்களைப் பார்க்கிற இஞ்சினியராம், நிலத்துக்குக் கீழை எங்கை அடைச்சிருக்கெண்டு கண்டுபிடிக்கிறதாம். அவளுக்கு அதுக்கும் சிரிப்பு. பெண் பார்த்தது எண்டு ஏதாவது நடந்ததெண்டால் அது அங்கைதான் நடந்தது, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாராமல், நடுவிலை நான் அடைச்சுக்கொண்டு கிடக்க.

கடைசியிலை பெடியன் என்ன சொன்னான் தெரியுமோ? "அங்கிள், வேட்டியைக் கழட்டுங்கோ." மாப்பிள்ளை எண்டு வந்தவன் முதல் நாள் மாமனாருக்குச் சொல்லுற சொல்லோ இது? தோட்டத்துக்குப் போடுற அரைக்காற்சட்டை உள்ளுக்குப் போட்டிருந்தது கடவுள் செயல். வேட்டியை விட்டவுடனை நான் வழுக்கிக்கொண்டு வந்திட்டன். அவன் கொழுவின வேட்டியைக் கிழியாமல் எடுத்து, மடிச்சு, பிறகு கொண்டு வந்து தந்தான், சேறெண்டு நான் அதைக் கட்டேல்லை, அது வேறை விசயம். ஆனால் மண்டபத்துக்குள்ளை நான் சம்பந்தி வீட்டுக்காரிக்கு முன்னாலை அரைக்காற்சட்டையும் சால்வையுமா விழுந்ததை ஒருத்தரும் இனி மாத்தேலாது.

எழும்பி ஆளை ஆள் பார்க்க முன்னம் ஜெனிற்றா விசிலடிச்சா. "எல்லாரும் லைற்றை நூருங்கோ. ஒருத்தரும் கொஞ்ச நேரம் கதைக்கக்கூடாது. உண்மையான இருட்டு எப்பிடியெண்டு பாருங்கோ." நூர்த்தம். அண்ணை, எங்கடை ஊரிலை கரண்ட் இல்லாத காலத்திலையும் நான் அப்பிடி ஒரு இருட்டைக் கண்டதில்லை. கண்ணைத் திறந்தாலும் ஒண்டுதான், மூடினாலும் ஒண்டுதான். பக்கத்திலை ஒரு கை தட்டுப்பட்டுது. பிடிச்சுக்கொண்டு குணலட்சுமியிட்டை மெல்லமா ஒரு வீட்டு விசயம் கதைச்சன். என்ன விசயமெண்டது உங்களுக்குத் தேவையில்லை. அவ "ம்" எண்டு மட்டும் சொல்லி என்ரை கையை இறுக்கிப் பிடிச்சா. கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் நான் சொன்ன ஒண்டுக்கு மறுகதை கதையாமல் அவ "ம்" எண்டு சொன்னது இதுதான் முதல் தரம். வெளிச்சம் வரப்போகுதெண்டவுடனை கையை விட்டிட்டன். சம்பந்தி வீட்டுக்காரருக்கு முன்னாலை மனிசியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேலுமோ? ஜெனிற்றா பெரிய ரோச்சை முகட்டிலை அடிச்சா, எல்லாரும் அண்ணாந்து வவ்வாலைப் பாத்தம்.

வெளியேற மட்டும் விடுற மற்ற வாசலாலை வெளியிலை வந்து ஹெல்மெற்றைக் கழட்டினவுடனை சிவகௌரி ஆவலாத் திரும்பிப் பாத்தா. பிள்ளையின்ரை முகம் முழுக்கச் சேறு. கண் இரண்டும் பல்லும்தான் தெரிஞ்சுது. "வடிவாத்தான் இருக்கிறாள் போலை" எண்டு சொன்னா. மயிலிட்டியிலை ஒரு கடையிலை தேத்தண்ணி குடிச்சம். வரேக்கை வானுக்குள்ளை தயாளினி வெளியிலையே பாத்துக்கொண்டு வந்தாள். பெடியன் கண்ணாடிக்குள்ளாலை இரண்டொரு தரம் பாத்தான். இருட்டிப்போச்செண்டு எங்களை வீட்டு வாசலிலை கொண்டு வந்து இறக்கி, தானே கேற்றைத் திறந்து விட்டான். எங்கடை கேற் கத்துமெண்டு உங்களுக்குத் தெரியும், நீங்கள் இருக்கேக்கையும் கத்தினதுதான். "அங்கிள், வானுக்குள்ளை எண்ணெய்ப் போத்தில் கிடக்கு, ஒரு நிமிசத்திலை விட்டிடுறன்" எண்டான். வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். கொஞ்சம் கடுமையாத்தான் சொன்னன். ஆரும் கேட்டதோ அவரை? தண்ணிக் குழாயோடை நிக்க வேணும், மற்றவன் வீட்டுக் கேற்றிலை என்ன வேலை?

அண்டு ராத்திரிச் சாப்பாட்டிலை தயாளினி, "அப்பா, எனக்கு உது சரிவராது. கனடா சரியான குளிராம்" எண்டு சொன்னாள். நான் வற்புறுத்தவுமில்லை, மறிக்கவுமில்லை, ஒரு சொல்லும் சொல்லேல்லை. பிள்ளை தானாத்தான் சொன்னது. பிள்ளையின்ரை விருப்பம்தான் எனக்குப் பெரிசு.

ஆகையினால் அண்ணை, பெல்ற் விசயம், சிரிப்பு விசயம், வேட்டி விசயம், கேற் விசயம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனது முடிவு நியாயம் என்பது உங்களுக்கு விளங்கும். சிவகௌரிக்கு இவற்றைச் சொல்ல வேண்டாம். சாதகம் பொருந்தவில்லை என்று சொன்னால் போதும். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. துடக்கு முடிய நீங்கள் எல்லோரும் தேக சுகத்தோடும் நல்ல காதோடும் இருக்க முருகனைக் கும்பிடுவோம். அதற்கு முதல் கும்பிட முடியாததற்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத தம்பி,
சீ. சீவரத்தினம்

பி.கு.

கடைக்குக் கொண்டுபோக முன்னம், இன்னும் ஒரு குறை சேர்த்தால் பலமா இருக்குமெண்டு குணலட்சுமியைக் கேட்டன். "அண்டைக்கு இருட்டுக்குள்ளை 'ம்' எண்டனீர், ஏதும் கண்டுபிடிச்சீரோ?" எண்டன். "எந்த இருட்டுக்குள்ளை? நான் எங்கை உங்களுக்குப் பக்கத்திலை நிண்டனான்? சிவகௌரி அக்கா பயத்திலை என்ரை கையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ, நாங்கள் இரண்டு பேரும் மண்டபத்தின்ரை மற்றத் தொங்கல்லை" எண்டு சொல்லிப்போட்டு அவ அடுப்படிக்குப் போயிட்டா.

நான் இருந்து யோசிச்சன். ஜெனிற்றா முன்னுக்கு நிண்டவ. பெடியனின்ரை கை எனக்குத் தெரியும், என்னைத் தள்ளின கை, அது பெரிய கை.

பின்னேரம் கேற் கத்திச்சுது. தயாளினி ஆஸ்பத்திரியாலை வந்து சைக்கிளைச் சாத்தினாள். "பிள்ளை, குகைக்குள்ளை எனக்குப் பக்கத்திலை நிண்டது நீரோ?" எண்டு கேட்டன்.

"ஓம் அப்பா."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் அம்மாவோடையெல்லோ கதைச்சனியள். நான் என்னத்தைச் சொல்லுறது?"

"குளிரெண்டு சொன்னீர்?"

"வேறை என்னத்தைச் சொல்ல, அப்பா" எண்டு சிரிச்சுக்கொண்டு முகம் கழுவப் போனாள். அது அண்டைக்குச் சிரிச்ச சிரிப்பில்லை.

நான் சொன்ன வீட்டு விசயம் இதுதான் அண்ணை, இனி மறைச்சு என்ன. "இஞ்சேரும், பெடியன் நல்ல பெடியன். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. கூடாதவனெண்டால் சுகமாத் தட்டிக் கழிக்கலாம். உவள் போனாளெண்டால் பின்னேரத்திலை அந்தக் கேற் சத்தம் கேக்காது. அது கேக்காமல் எனக்குத் தேத்தண்ணியும் இறங்காது. ஏதாவது ஒரு குறை கண்டுபிடியும்." இவ்வளவும் பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு பிள்ளைக்கே சொல்லியிருக்கிறன். அவள் "ம்" எண்டவள்.

மேலை எழுதின ஒண்டையும் நம்ப வேண்டாம். திருப்பி எழுத எனக்குக் கை வரேல்லை, அதாலை அப்பிடியே அனுப்புறன். சாதகம் நல்லாப் பொருந்தியிருக்கு. நான் அதைப் பாத்து இரண்டு கிழமையாச்சு. தயாளினியிட்டை, "எனக்குக் கேற் சத்தம் வேண்டாம், நீர் உம்மடை மனசிலை உள்ளதைச் சொல்லும்" எண்டு கேட்டன். அவள் அழுதாள், நானும் கொஞ்சம். பிறகு, "அவர் வேட்டியை மடிச்ச மடிப்பைப் பாத்தனீங்களோ அப்பா?" எண்டு கேட்டாள். நான் பாக்கேல்லை. போய்ப் பாத்தன். திறமான மடிப்பு.

தம்பி மயூரதன் பிளேன் ஏற முன்னம் ஒருக்கா எங்கடை வீட்டுப் பக்கம் வரச் சொல்லுங்கோ. துடக்கெண்டபடியால் தற்செயலா வரட்டும். வரேக்கை அந்த எண்ணெய்ப் போத்திலையும் கொண்டு வரட்டும். கேற்றுக்கு விடவேணும்.